ஜுராசிக் பார்க்: 238-ஆ, 292-ஆ? படத்துக்குள் வராத பயங்கரக் கணக்கு

ஒரு தீவு. அதில் எத்தனை டைனோசர் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள். 238 என்கிறது. இருக்க வேண்டியதும் 238தான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் அதே நேரத்தில் தீவில் நடமாடிக்கொண்டிருந்தவை 292. மிச்சம் 54 எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. கம்ப்யூட்டரின் கண்ணெதிரிலேயேதான் இருந்தன.

வணக்கம். போன வாரம் 'ஜுராசிக் பார்க்' படத்தை மறுபடியும் பார்த்தேன். எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள். நானும் அந்தக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு எண் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இந்த முறை மடியில் நாவல், கையில் ரிமோட். காட்சிக்குக் காட்சி நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்ததில், கூட உட்கார்ந்திருந்தவர்கள் இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். ஆகவே அந்தப் பாரம் இப்போது உங்கள் தலையில். நாவலின் முடிவையும் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் இப்போதே ஓடிவிடலாம்.

முன்கதை வேகமாக. நாவல் மைக்கேல் கிரைட்டன், 1990. படம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், 1993. திரைக்கதையில் கிரைட்டனுக்கும் பங்கு உண்டு. கோஸ்டா ரிக்கா பக்கம் ஒரு தீவு, மரப்பிசினில் மாட்டிய கொசு, கொசு வயிற்றில் டைனோசர் ரத்தம், அதை வைத்து மறுபடி உருவாக்கிய டைனோசர்களுக்கு ஒரு பூங்கா. தெரிந்த கதைதானே, தாண்டுவோம்.

(திரையில்: உடைந்த முட்டை ஓடுகள், பக்கத்தில் சின்னச் சின்னக் காலடித் தடங்கள்)

படத்தில் டைனோசர்கள் முட்டையிட்டுப் பெருகுகின்றன என்பது இந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடும். டைனோசர் ஆராய்ச்சியாளர் டாக்டர் கிராண்ட் முட்டை ஓட்டைக் கையில் எடுக்கிறார், தவளை டி.என்.ஏ. கலந்ததால் பெண் ஆணாக மாறியிருக்கலாம் என்று இரண்டு வரி பேசுகிறார், முடிந்தது. நாவலிலும் முட்டை ஓடு கிடைக்கிறது. ஆனால் அங்கே யாரும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? எல்லாம் பெண் விலங்குகள். அதற்கு மேல், தீவு முழுக்க சென்சாரும் கேமராவும் வைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலை எண்ணும் கம்ப்யூட்டர் 238 என்று சத்தியம் செய்கிறது.

அப்போது கணித நிபுணர் மால்கம் ஒரு சின்ன வேண்டுகோள் வைக்கிறார். 238-ஐத் தேடச் சொல்லாதீர்கள், 239-ஐத் தேடச் சொல்லுங்கள்.

தேடுகிறார்கள். 239 கிடைக்கிறது.

சரி, 300 என்று கொடுங்கள் என்கிறார். திரையில் எண் ஏறிக்கொண்டே போய் 292-இல் நிற்கிறது.

எனக்கு இந்த நாவலிலேயே பிடித்த இடம் இதுதான். ஒரு பல் இல்லை, ஒரு நகம் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு அட்டவணை. அதைப் படித்துவிட்டு நான் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த புரோகிராமை எழுதச் சொன்னவர்களுக்கு ஒரே கவலைதான்: விலங்கு செத்துப்போகலாம், தப்பித்துப்போகலாம். அதாவது எண்ணிக்கை குறையலாம். கூடும் என்று யாரும் நினைக்கவே இல்லை. அதனால் எதிர்பார்த்த எண் வந்ததும் எண்ணுவதை நிறுத்து என்று அமைத்துவிட்டார்கள். முப்பது பேர் படிக்கும் வகுப்பில் ஆசிரியர் முப்பது தலை வரை எண்ணிவிட்டு, எல்லோரும் வந்தாச்சு என்று பதிவேட்டை மூடுகிற மாதிரி. கடைசி பெஞ்சில் இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பல் கொஞ்சம் நீளம்.

அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. வெலாசிராப்டர்: எதிர்பார்த்தது 8, இருப்பது 37. எட்டையே சமாளிக்க முடியாமல்தான் கூண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்!

நிற்க, இதைவிட அழகான ஒரு விஷயமும் அதில் உண்டு. காம்ப்பி என்று கோழி அளவு டைனோசர்கள். அவற்றை மூன்று தவணையாகத் தீவில் விட்டார்கள். அப்படியானால் உயரத்தை வரைபடமாகப் போட்டால் மூன்று மேடு தெரிய வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் ஒன்று. வந்திருப்பதோ வழவழவென்று ஒரே மேடு. எல்லா வயதுக் குட்டிகளும் கலந்து வளரும் இடத்தில்தான் அப்படி வரும். வரைபடம் ஒழுங்காக இருப்பதே தப்பு என்று மால்கம் கண்டுபிடிக்கிறார். கணக்கு வாத்தியார்கள் யாராவது இந்த வீடியோவைப் பார்த்தால், இதை வகுப்பில் சொல்லுங்கள், புள்ளியியல் வகுப்பில் தூங்குகிறவர்கள் குறைவார்கள்.

ஸ்பீல்பெர்க் இதையெல்லாம் விட்டது சரியா? சரிதான் என்பேன், வயிற்றெரிச்சலோடு. தியேட்டரில் அட்டவணையைப் பார்த்து யார் அலறுவார்கள்? அவர் அதற்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீரைக் காட்டினார். வண்டிக்கு அடியில் கிடார் கம்பியைக் கட்டிச் சுண்டிவிட்டு எடுத்த வட்ட வட்டமான அதிர்வு அது. 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் வருவது சுமார் 15 நிமிடம்தான் என்றால் நம்ப முடிகிறதா?

அப்புறம் குட்டி மாற்றங்கள்: பூங்கா முதலாளி ஹாமண்டின் பேரப்பிள்ளைகளில், நாவலில் டிம் அண்ணன், லெக்ஸ் தங்கை, கம்ப்யூட்டர் வேலையும் டிம்முக்குத்தான். படத்தில் கழிப்பறையில் செத்த வக்கீல் நாவலில் உயிரோடு தப்பிக்கிறார்.

ஹாமண்டை மட்டும் அப்படித் தாண்ட முடியாது. படத்தில் ரிச்சர்ட் அட்டன்பரோ, வெள்ளைத் தாடி, உருகுகிற ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டு கனவு பேசும் தாத்தா. நாவலில் அவர் காசு ஒன்றே குறியான ஆள், கடைசி வரை தன் தப்பை ஒப்புக்கொள்ளாதவர். அவருடைய சாவு இருக்கிறதே! டி-ரெக்ஸ் கர்ஜனை கேட்கிறது, பயந்து ஓடுகிறார், சரிவில் உருண்டு காலைச் சுளுக்கிக்கொள்கிறார், காம்ப்பிகள் சூழ்ந்துகொள்கின்றன. அந்தக் கர்ஜனை நிஜமே இல்லை. பேரப்பிள்ளைகள் கன்ட்ரோல் ரூமில் விளையாட்டாக ஒலிபெருக்கியில் போட்டுவிட்ட ரெக்கார்டிங். இதைப் படித்த பிறகு அந்த ஐஸ்கிரீம் காட்சியைப் பாருங்கள், தாத்தாமேல் பரிதாபம் வருகிறதா என்று கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு வரவில்லை.

முடிவு. படத்தில் ஹெலிகாப்டர், கடல்மேல் பறவைகள், இசை. நாவலில் கோஸ்டா ரிக்கா விமானப்படை தீவைக் குண்டுபோட்டு அழிக்கிறது. பிழைத்தவர்களை அரசாங்கம் ஒரு ஹோட்டலில் வைத்து, வெளியே விடாமல் கேள்வி கேட்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்டுக் காடுகளில் ஏதோ விலங்குக் கூட்டம் லைசின் (பூங்கா டைனோசர்கள் தாமாக உண்டாக்க முடியாதபடி, வெளியிலிருந்தே கிடைக்க வேண்டும் என்று செய்து வைத்த சத்து) அதிகமுள்ள சோயா மாதிரிப் பயிர்களாகப் பார்த்துத் தின்றுகொண்டே உள்நாட்டை நோக்கி நகர்ந்திருக்கிறது.

292 என்பது தீவுக்குள் எண்ணிய கணக்கு. இவை அதில் சேராது.