நூலகம் எத்தனை மணி வரை? ஒரு கத்தோலிக்கக் கல்லூரி வளாகத்தைச் சுற்றி வருவோம்

(காட்சி: மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் ஒரு மாலை. புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடும் மாணவிகள்.)

குரல்:

மணி நாலே கால். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது நடத்துநருக்கே வெளிச்சம். அதனால்தான் இந்த ஓட்டம். நித்திரவிளை, கொல்லங்கோடு, அருமனை, கருங்கல் என்று ஊர் ஊராகப் பிரிந்து போகிற இந்தப் பிள்ளைகள் விடுதியில் தங்காதவர்கள். கடைசி வகுப்பின் மணியோடு இவர்களுக்குக் கல்லூரியே முடிந்துவிடுகிறது.

ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் வளாகத்தில் என்னென்ன இருக்கும், அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும் என்று இந்த வீடியோவில் சுற்றிக் காட்டப் போகிறேன். போகிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போவோம். இது எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குப் பூட்டும்?

இந்தக் கேள்வியை என் அக்கா மகளுக்கு இடம் தேடி அலைந்த ஒரு மே மாதத்தில் கற்றுக்கொண்டேன். வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடு. உடற்பயிற்சிக் கூடத்தின் படம் மட்டும் அரைப்பக்கம். நேரில் போனோம். கூடம் இருந்தது, கதவில் பூட்டும் இருந்தது. சாவி உடற்கல்வி இயக்குநரிடம். அவர் ஏதோ போட்டிக்குப் போயிருந்தார். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டதற்கு, “கேட்டால் திறப்போம்” என்றார் அலுவலக உதவியாளர். பூட்டில் துரு ஏறியிருந்தது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அந்தப் பூட்டு பல இடங்களில் தொங்குகிறது.

(திரையில்: கல்லூரியா, பல்கலைக்கழகமா?)

வாசலுக்குள் நுழையும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ‘கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்’ என்று பேச்சில் சொல்கிறோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவை கல்லூரிகள். நாகர்கோவிலில் 1965-இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரி, தூத்தூரில் புனித யூதா கல்லூரி, மரியகிரியில் மலங்கரா கத்தோலிக்கக் கல்லூரி, சுங்கான்கடையில் 1998-இல் வந்த புனித சவேரியார் பொறியியல் கல்லூரி என்று பட்டியல் நீளும். கலை அறிவியல் படித்தால் பட்டச் சான்றிதழில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். தன்னாட்சி பெற்ற கல்லூரி வினாத்தாளைத் தானே தயாரிக்கலாம், பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான்.

பல்கலைக்கழகமாகவே வளர்ந்த கத்தோலிக்க நிறுவனங்களைப் பார்க்க வேண்டுமானால் பெங்களூருக்குப் போக வேண்டும். அங்கே கிறைஸ்ட் 1969-இல் கல்லூரியாகத் தொடங்கி 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1882-இல் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 2022-இல் பல்கலைக்கழகமானது. இன்னொரு செய்தி: ‘கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்’ என்ற பெயரை நினைத்தவர்கள் நினைத்தபடி வைத்துக்கொள்ள முடியாது. திருச்சபைச் சட்டத்தின் 808-ஆம் பிரிவு அதற்குத் திருச்சபை அதிகாரியின் இசைவு வேண்டும் என்கிறது.

(காட்சி: நுழைவாயில். வலது பக்கம் மாதா கெபி, அதன் முன் இரண்டு மெழுகுவர்த்திகள். தூரத்தில் சிற்றாலயம்.)

உள்ளே வந்துவிட்டோம். முதலில் கண்ணில் படுவது கெபி. லூர்து மாதா, கல்லால் கட்டிய சிறு குகை, சுற்றிக் குரோட்டன்ஸ் செடிகள். அதைத் தாண்டினால் சிற்றாலயம். இந்த இடத்தில்தான் கத்தோலிக்கர் அல்லாத பெற்றோர் தயங்குகிறார்கள். திங்கள்சந்தையில் ஓர் அம்மா என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “என் பிள்ளையைக் கோயிலில் முட்டுப்போட வைப்பார்களா தம்பி?”

வைக்கக் கூடாது. இது கல்லூரியின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயம் இல்லை, அரசியலமைப்பே சொல்லியிருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும், படிப்பவரின் சம்மதம் இல்லாமல், அவர் வயது வராதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அதே அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. இரண்டும் சேர்ந்துதான் நாம் பார்க்கிற இந்த வளாகம்.

நடைமுறையில் எப்படி இருக்கும்? காலையில் ஒலிபெருக்கியில் சிறு செபம் வரும், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். முதல் வெள்ளிக்கிழமை திருப்பலிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் போவார்கள். கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று வாரத்தில் ஒரு வகுப்பு பிரியும். நன்னெறி வகுப்பு யார் கையில் கிடைக்கிறதோ அவரைப் பொறுத்தது. நல்ல ஆசிரியர் என்றால் நினைவில் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த வகுப்பின் வீட்டுப்பாடத்தை முடிக்கும் நேரம். நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விசேஷமும் உண்டு. கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்கள் லத்தீன் வழிபாட்டு முறை. மார்த்தாண்டம் சீரோ மலங்கரா. தக்கலை சீரோ மலபார். ஒரே மாவட்டத்துக்குள் மூன்று முறைகள். கல்லூரியை எந்த மறைமாவட்டம் நடத்துகிறது என்பதைப் பொறுத்துத் திருப்பலியின் நடையே மாறும். வெளியூர்க் கத்தோலிக்கரே இதைப் பார்த்து வியப்பார்கள்.

ஆண்டின் போக்கும் அப்படித்தான். ஓணத்துக்கு வராந்தாவில் அத்தப்பூ. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்குப் பிறகு குடில் கட்டும் போட்டி, துறைக்குத் துறை ரகசியமாக வைக்கோலும் பாசியும் சேர்ப்பார்கள். சனவரியில் பொங்கல் பானை. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு அவர் படமும் பல வளாகங்களில் சேர்ந்துகொண்டது.

நம் கேள்வியை இங்கேயும் கேட்போம். சிற்றாலயம் எத்தனை மணி வரை? பகல் முழுதும் திறந்திருக்கும். வளாகத்திலேயே சாவி தேட வேண்டாத அறை இதுவாகத்தான் இருக்கும். தேர்வுக் காலத்தில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பக்தியா, மின்விசிறியா என்று நான் விசாரித்ததில்லை.

(காட்சி: விடுதி. காலை ஐந்தரை. ஒரு மணி அடிக்கிறது.)

விடுதிதான் நேரத்தால் ஆளப்படும் இடம். எழுப்பும் மணி, விருப்பப்பட்டவர்களுக்குச் செபம், குளியலறை வரிசை, காலை உணவு, வகுப்பு. மாலையில் சிறிது விளையாட்டு, பிறகு ‘ஸ்டடி’. இந்த இரண்டு மூன்று மணி நேரம் மேசையை விட்டு எழக் கூடாது. வார்டனாக இருக்கும் சிஸ்டரோ அருட்தந்தையோ வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார். பல இடங்களில் அந்த நேரத்தில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். முதல் பருவத்தில் இதற்கு அழுதவர்களையும் தெரியும், வேலைக்குப் போன பிறகு அந்த இரண்டு மணி நேர அமைதிக்கு ஏங்குகிறவர்களையும் தெரியும்.

வாயிற்கதவு எத்தனை மணிக்கு மூடும்? இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரம், பெண்கள் விடுதிக்கு அதைவிட முந்தைய நேரம் என்றால், ஏன் என்றும் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதியில் மட்டும் பாகுபாடான விதிகளை விதிக்கக் கூடாது என்கின்றன. கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சுளிக்கட்டும்.

சாப்பாட்டுக் கணக்கு ‘டிவைடிங் சிஸ்டம்’. மாதம் முழுதும் மெஸ்ஸுக்கு ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள் என்று வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஆகையால் சேரும்போது சொல்லும் தொகை ஒரு தோராயம்தான். மீன் விலை ஏறும் மாதத்தில் உங்கள் பில்லும் ஏறும். ஊருக்குப் போனால் எத்தனை நாளுக்கு மேல் கழிப்பார்கள், முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டு வைப்பது நல்லது. சென்ற மூன்று மாத பில்லைக் காட்டச் சொல்லலாம். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் காட்டுவார்கள். சோறு சம்பா அரிசியா, வெள்ளை அரிசியா என்று கேட்பதும் நம் ஊரில் சிறிய விஷயம் இல்லை. நான் தங்கிய விடுதியில் புதன்கிழமை மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும். அன்றைக்கு மட்டும் காய்ச்சல்காரன்கூட வரிசையில் நிற்பான்.

(காட்சி: நூலகம். நீள மேசைகள். சுவர்க் கடிகாரத்தில் மணி 4.)

தலைப்புக்கு வந்துவிட்டோம். நூலகத்தில் எத்தனை ஆயிரம் புத்தகங்கள் என்று கையேட்டில் பெரிய எண்ணில் போட்டிருப்பார்கள். வகுப்பு முடிவது மூன்றரைக்கு, நூலகம் மூடுவது நாலரைக்கு, பஸ் நாலே காலுக்கு என்றால், வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைக்கு அந்தப் புத்தகங்கள் முக்கால் மணி நேரத்துக்குத்தான் சொந்தம். சில கல்லூரிகளில் அரசு உதவிபெறும் வகுப்புகள் காலையிலும் சுயநிதி வகுப்புகள் மதியத்திலும் நடக்கும். மதியப் பிரிவுப் பிள்ளைகளுக்காக நூலகம் கூடுதல் நேரம் திறந்திருக்கிறதா? இரண்டு பிரிவுகளுக்கும் கட்டணம் வேறு வேறு. அதிகம் கட்டுகிறவருக்கு நூலகம் குறைவாகக் கிடைத்தால் அது எந்த ஊர் நியாயம்?

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு, பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ‘என்-லிஸ்ட்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருந்தால், 6,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களையும் ஏராளமான மின்நூல்களையும் வீட்டிலிருந்தே படிக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். அதை நூலகரிடம் கேட்டு வாங்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

(காட்சி: விளையாட்டுத் திடல். ஈர மண்ணில் கால்பந்து.)

திடலுக்கு வேகமாகப் போய் வருவோம். கடலோர ஊர்ப் பிள்ளைகள் இருக்கும் கல்லூரி என்றால் கால்பந்து அணியைப் பற்றிக் கவலை வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, ஆகவே உள்ளரங்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேண்டீனில் உளுந்தவடை நன்றாக இருந்தால் மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை, கூடவே ஏழு நாள் முகாம். 1924-இல் தோன்றிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பின் கிளை இருந்தால் அங்கேயும் எட்டிப் பாருங்கள். பெயரைப் பார்த்து செபக்கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய விவாதம் சூடாக நடக்கும்.

(காட்சி: ஒரு சிறிய அறை. கதவில் ‘ஆற்றுப்படுத்தும் மையம்’.)

இந்த அறையைத் தவறவிடாதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் பகுதிக் கடற்கரையில் பல குடும்பங்கள் கடலுக்குப் போனவர்களை இழந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளும் பருவத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு வளாகத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறாரா என்பது எந்தக் கட்டடத்தையும்விடப் பெரிய வசதி. ஆலோசகர் முழுநேரம் இருக்கிறாரா, வாரத்தில் ஒரு நாள் வந்து போகிறாரா? ஆசிரியரே ஆலோசகராகவும் இருந்தால், தனக்கு அக மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை மனதைத் திறக்குமா? கல்லூரிக்குள் பேசத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ், அரசின் மனநல ஆலோசனை எண், இருக்கிறது, எந்த நேரமும் அழைக்கலாம். ராகிங் என்றால் 1800-180-5522.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தனியார் கல்லூரி என்பதால் அரசு உதவித்தொகை வராது என்று பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் சேரலாம். சபைப் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்துக்கு இது முக்கியம்.

(காட்சி: மீண்டும் நுழைவாயில். மழை தூறுகிறது. மாணவர்கள் குடை விரிக்கிறார்கள்.)

கல்லூரியைப் பார்க்கப் போவதானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வகுப்பு நடக்கிற ஒரு நாள், மதியம் மூன்று மணிக்குப் போங்கள். அலுவலகத்தில் பேசுங்கள், கழிப்பறையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், நூலக வாசலில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளோடு பிள்ளையாக அந்த நாலே கால் பஸ்ஸில் ஏறுங்கள். பக்கத்தில் நிற்கிற மாணவியிடம், “உடற்பயிற்சிக் கூடத்தை எப்போதம்மா திறப்பார்கள்?” என்று கேளுங்கள். அவள் தோழியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தால், பூட்டைப் பார்க்கத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

(காட்சி: பஸ் புறப்படுகிறது.)