மதகைத் திறப்பதும் அணையைத் திறப்பதும்: அரசுத் தரவு யாருக்காக?

[காட்சி: பவானிசாகர் அணை, காலை வெளிச்சம். நீர்மட்டக் குறியீடுகள் எழுதிய சுவர்.]

குரல்: வணக்கம். ஆடி மாதம் முடியும் வேளையில் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வாய்க்கால் கரை ஊர்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: அணை இன்றைக்கு எத்தனை அடி? பவானிசாகரின் முழு நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அங்கிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்காலின் பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர் என்றாலும், அத்தனைக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் விடுவதில்லை. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு போகத்துக்குப் பாதிப் பரப்பு என்ற முறையில்தான் விடுகிறார்கள். நெல்லா கடலையா, எத்தனை ஏக்கர், எவ்வளவு கடன் என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு எண்ணைப் பார்த்தே போடப்படுகிறது.

அந்த எண் ரகசியமில்லை, நாள்தோறும் வெளியாகிறது. எந்த வடிவத்தில் வெளியாகிறது என்பதுதான் இந்த வீடியோவின் பொருள்.

[காட்சி: சாய்வாகப் படம் பிடிக்கப்பட்ட ஒரு தாள், மெதுவாக நெருங்கும் கேமரா.]

குரல்: ஒரு முறை, ஒரு மாதத்து நீர்மட்டத்தை வரைபடமாக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கைக்குக் கிடைத்தவை அச்செடுத்து, கையொப்பமிட்டு, மறுபடியும் படம் பிடித்துப் பகிரப்பட்ட தாள்கள். ஒன்றில் முத்திரையின் ஊதா மை எண்ணின் மேலேயே படிந்திருந்தது. முப்பது தாள்களையும் கண்ணால் படித்துக் கையால் தட்டச்சு செய்தபோது, 96.45 என்பதை 69.45 என்று மாற்றி அடித்துவிட்டேன். வரைபடத்தில் அணை ஒரே இரவில் 27 அடி வடிந்து, மறுநாளே நிரம்பியது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்ட சிறிது நேரத்தில் ஒரு பெரியவரிடமிருந்து குரல் செய்தி வந்தது: “ஏனுங் தம்பி, அணை ஒடஞ்சு போச்சுங்களா?”

தவறு என்னுடையது. ஆனால் அந்த எண் முதலில் ஏதோ ஓர் அலுவலகக் கணினியில் சுத்தமான அட்டவணையாக இருந்திருக்கும் என்பதையும், தாளாகி, படமாகி என்னை வந்து சேர்வதற்குள் கணினியால் படிக்க முடியாத ஒன்றாக மாறிவிட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு விடுவது ஒன்று, எடுத்துப் பயன்படுத்த விடுவது மற்றொன்று. ‘திறந்த தரவு’ என்ற சொல் இரண்டாவதைக் குறிக்கிறது. உலகளாவிய வலையை (வேர்ல்டு வைட் வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ இதற்கு ஐந்து நட்சத்திரப் படிநிலை ஒன்றை வகுத்திருக்கிறார். யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு எந்த வடிவில் வெளியிட்டாலும், அது பிடிஎஃப் கோப்பாகவே இருந்தாலும், ஒரு நட்சத்திரம் உண்டு. எக்செல் போன்ற அட்டவணைக்கு இரண்டு, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்புக்கு மூன்று. அதற்கு மேலுள்ள இரண்டும் தரவுகளை ஒன்றோடொன்று இணைப்பது பற்றியவை. நம் ஊர்த் தேவைக்கு மூன்றே போதும் என்பது என் கருத்து.

[காட்சி: வாய்க்கால் கரை. ஒரு மதகு, அதிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்.]

குரல்: தரவு ஒரு பக்கம் இருக்கட்டும். சேவைகளைத் திறப்பது என்றால் என்ன? இங்கேதான் ஏபிஐ என்ற சொல் வருகிறது. அதை விளக்க வெளியூர் உவமை தேட வேண்டியதில்லை. அரசு அணையைக் கட்டுகிறது, பெரிய வாய்க்காலை வெட்டுகிறது, குறித்த இடங்களில் மதகு வைக்கிறது. மதகுக்குக் கீழே கொப்பு வாய்க்காலை எப்படிக் கொண்டுபோவது, எந்த வயலுக்கு எப்போது திருப்புவது என்பதைப் பாசனதாரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அணையின் சாவியை அவர்கள் யாரும் கேட்பதில்லை. ஒரு மதகு வழியே எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் என்பதும் முன்கூட்டியே தெரியும். ஏபிஐ என்பது அப்படி ஒரு மதகு. அரசின் கணினிக்குள் வெளியாட்கள் நுழையாமல், அனுமதித்த தரவு மட்டும், அனுமதித்த அளவில், வேறொரு செயலிக்குப் போய்ச் சேரும் வழி அது.

இதன் பலனையும் சிக்கலையும் 2021இல் நாம் ஒருசேரப் பார்த்தோம். மே 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கொரோனா தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, முன்பதிவுக்கான கோவின் தளத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. அந்தத் தளத்தின் ஏபிஐ பொதுவில் வைக்கப்பட்டிருந்ததால், நாடு முழுவதும் நிரலாளர்கள் தாமாகவே செயலிகளை எழுதினார்கள். உங்கள் பின்கோடில் இடம் வந்தவுடன் டெலிகிராமில் தகவல் வரும். ஒரு இணைய முகவரியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு 100 அழைப்புகள் என்று வரம்பும் இருந்தது. மதகு இருந்தது, அளவும் இருந்தது. ஆனால் செயலி தெரிந்தவர்கள் முந்திக்கொண்டார்கள், ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் பின்தங்கினார்கள். டிஜிட்டல் இடைவெளி பற்றி உச்ச நீதிமன்றமே அந்த மே மாதத்தில் கேள்வி எழுப்பியது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில்லை என்ற மனக்குறை வாய்க்கால் பாசனத்தில் பழையது. டிஜிட்டல் சேவையிலும் கடைமடை உண்டு. எனவே ஏபிஐ திறந்தாயிற்று என்று இ-சேவை மையத்தையோ கிராம நிர்வாக அலுவலகத்தையோ மூடிவிட முடியாது.

[காட்சி: மஞ்சள் மூட்டைகள். ஏலத்துக்குப் பரப்பிய மாதிரிக் குவியல்கள்.]

குரல்: இந்தியாவில் இதற்கான கொள்கை புதிதன்று. தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை 2012இல் வந்தது, டேட்டா.கவ்.இன் தளமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. அரசுத் தரவை யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று தெளிவாக்கும் உரிமம் 2017இல் வெளியானது. அந்தத் தளத்தில் பலருக்கும் பயன்படுவது மத்திய அரசின் வேளாண் சந்தைத் தகவல் அமைப்பான அக்மார்க்நெட் தரும் சந்தை விலைத் தரவு. சந்தை, விளைபொருள், ரகம், நாள், குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் விற்ற விலை ஆகியவை வரிசையாக இருக்கும், ஏபிஐ வழியாகவும் எடுக்கலாம்.

ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மஞ்சள் ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும், ஈரோடு, கோபி கூட்டுறவுச் சங்கங்களிலும் ஏலம் போகிறது. விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. நான்கு இடத்து விலையையும் ஒரே திரையில் பல மாதங்களுக்கு வரைந்து காட்டினால், மூட்டையை இன்றே இறக்குவதா, இருப்பு வைப்பதா என்று விவசாயி தன் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு கல்லூரி மாணவரின் ஒரு வார உழைப்பும், நாள் தவறாமல் பதிவேறும் தரவும். முதலாவது நம்மிடம் நிறைய இருக்கிறது. இரண்டாவதில் ஒரு நாள் விட்டுப்போனால்கூட வரைபடத்தில் ஓட்டை விழும், செயலியைத் திறந்தவர் மறுபடி திறக்க மாட்டார்.

விலை வெளிப்படையாக இருந்தால் ஒரு தொழிலே அதைச் சுற்றி இயங்கும் என்பதற்கு நாமக்கல் சாட்சி. முட்டை விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அரசு அமைப்பன்று. ஆனால் அந்த விலை ஊரறிய வெளிவருவதால்தான் கோழிப் பண்ணையாளரும் லாரிக்காரரும் மளிகைக் கடைக்காரரும் ஒரே எண்ணை வைத்துப் பேரம் பேச முடிகிறது.

[காட்சி: வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் பல எழுத்துக்கூட்டலில் தோன்றி மறைகின்றன.]

குரல்: தரவைத் திறந்த பிறகு வரும் தலைவலி ஊர்ப்பெயர். 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது, கோயம்புத்தூரின் பெயரும் அதில் இருந்தது. சில நாட்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெயர் விவாதம் எப்படிப் போனாலும், நமக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒரு துறையின் கோப்பில் கோபிசெட்டிபாளையம் என்றும், மற்றொன்றில் கோபி என்றும், மூன்றாவதில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த புரியாத குறிகளாகவும் இருந்தால், இவை மூன்றும் ஒரே ஊர் என்று கணினிக்கு யார் சொல்வது? எழுத்துருச் சிக்கலுக்குத் தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுத் தீர்வு கண்டது. ஊருக்கு மத்திய அரசின் உள்ளாட்சிக் குறியெண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அட்டவணையிலும் அந்த எண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. பட்டா, சிட்டாவை இணையத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. 600 உறுப்பினர்களைக் கொண்ட உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அத்தனை பேருடைய ஆவணத்தையும் சரிபார்க்க வேண்டுமானால் 600 முறை உட்கார வேண்டும். அதற்காக மொத்தப் பட்டியலையும் பொதுவில் கொட்டினால், யாருக்கு எங்கே எவ்வளவு நிலம் என்று நிலத் தரகர்கள் வடிகட்டி எடுத்துவிடுவார்கள். உரிமையாளர் ஓடிபி மூலம் சம்மதித்தால் மட்டும் அவருடைய ஒரு ஆவணம் வெளியே வருவதே பொருத்தமான வழி. மத்திய அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் 2015 முதல் ஏறத்தாழ அப்படித்தான் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாக வைக்கிறது.

இதற்கு நேர்மாறானது நொய்யல் ஆற்று நீரின் தரம். அதில் தனி மனிதரின் அந்தரங்கம் எதுவும் இல்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போன விவகாரத்தில், ஆற்று நீரின் அன்றாட அளவீடுகள் எல்லோர் கையிலும் இருந்திருந்தால், பேச்சு அவ்வளவு தூரம் நீண்டிருக்காது என்று நினைக்கிறேன். தர்மசங்கடமான தரவுகளை முதலில் திறக்க வேண்டும்.

[காட்சி: வெள்ளைத் தாள், பேனா, நீதிமன்றக் கட்டண வில்லை.]

குரல்: அரசு தானாகத் திறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையையும் உள்ளடக்குகிறது. சாதாரணமாகக் கேட்ட வடிவிலேயே தர வேண்டும், அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறி விழுங்கினாலோ ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடு வந்தாலோ அன்றி மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 7(9). கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். மனுவின் கடைசி வரியாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: “மேற்கண்ட விவரங்களை அச்சுப் பிரதியாகவோ படமாகவோ அல்லாமல், தங்கள் கணினியில் உள்ளவாறே அட்டவணைக் கோப்பாக மின்னஞ்சலில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”