ஆன்ஃபீல்டில் இன்னும் எத்தனை பேருக்கு இடம்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கால்பந்துக் கழகம் தன் அரங்கத்தின் கொள்ளளவைப் பெருக்க வேண்டுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். டிக்கெட் கிடைக்காமல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் ஏமாறும்போது, பெருக்கிவிட்டால் என்ன என்றுதான் எவருக்கும் தோன்றும். மான்செஸ்டர் யுனைடெட் கழகம், தன் ஓல்ட் டிராஃபோர்ட் அரங்கத்தை ஒட்டியே ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய புதிய அரங்கத்தை எழுப்பப்போவதாக 2025 மார்ச்சில் அறிவித்த பிறகு, இந்தக் கேள்வி மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. ஆனால் நான் பேசப்போவது அதன் அண்டை நகரமான லிவர்பூலைப் பற்றி. பல ஆண்டுகளாக அந்த ஊர்க் கழகத்தின் ஆட்டங்களை இரவு கண்விழித்துப் பார்த்து வருகிறேன். அதன் ஆன்ஃபீல்ட் அரங்கம் விரிவடைந்த வரலாற்றில் இந்தக் கேள்வியின் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவை மெய்யாகவே இருக்குமானால் பெருக்கத்தான் வேண்டும். கூடியவரை நின்ற இடத்திலேயே, பகுதி பகுதியாகப் பெருக்க வேண்டும். ஆனால் பெருக்குவதா, வேண்டாமா, இடம் மாறுவதா என்ற முடிவை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது. அப்படி இழுத்தடித்ததற்கான விலையை ஆன்ஃபீல்டில் கொடுத்தவர்கள் கழகத்தின் முதலாளிகள் அல்லர். அதன் சுற்றுத் தெருக்களில் குடியிருந்த எளிய மக்கள்.

ஆன்ஃபீல்ட் 1884-இல் திறக்கப்பட்டது. முதலில் அங்கே ஆடியது எவர்ட்டன் கழகம். வாடகைத் தகராறில் எவர்ட்டன் 1892-இல் வெளியேற, வெறுமையாகிவிட்ட மைதானத்தில் ஆடுவதற்காகவே உருவானது லிவர்பூல் கழகம். மைதானம் முன்னே, கழகம் பின்னே என்ற இந்த வரிசையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1906-இல் ஒரு கோலுக்குப் பின்னால் செங்குத்தான பெரிய மண்மேடு ஒன்றை எழுப்பி, மக்கள் நின்று பார்ப்பதற்கான படிகள் அமைத்தார்கள். அதற்கு ஸ்பியன் கோப் என்று பெயரிட்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். ஸ்பியன் கோப் என்பது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள ஒரு குன்று. 1900 ஜனவரியில், டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் அங்கே கடும் போர் மூண்டது. லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்த வீரர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். அவர்களில் லிவர்பூல் இளைஞர்களும் பலர். அதே போரில் காயம்பட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமந்து சென்ற இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டியவர் அப்போது நேட்டாலில் வழக்கறிஞராக இருந்த காந்தி. அந்தப் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தார்கள். முந்நூறு பேர் போக, எஞ்சியவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பலில் தொடங்கி, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் சென்றவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தின் தமிழரும் தெலுங்கருமே. ஆகவே அந்தக் குன்றின் சரிவில் கட்டில் சுமந்த தோள்களில் நம்மவர் தோள்களும் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொலைக்காட்சியில் ஆன்ஃபீல்டின் கோப் பக்கத்துக் கூட்டம் எழுந்து பாடும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஓர் இடத்தில் இத்தகைய நினைவு ஊன்றிவிட்ட பிறகு, இன்னும் 15,000 இருக்கை வேண்டும் என்பதற்காக அதை அப்படியே விட்டுவிட்டு வேறோர் இடத்துக்குப் போகலாமா என்பதுதான் லிவர்பூலின் முன் எழுந்த கேள்வி.

அந்தக் கேள்வி எப்படி எழுந்தது? கோப் மேட்டில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 28,000 பேர் நெருக்கியடித்து நின்றார்கள். 1952 பிப்ரவரியில் உல்வர்ஹாம்ப்டன் அணியுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்டில் கூடியவர்கள் 61,905 பேர். பிறகு 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கத்தில், கம்பிவேலியிட்ட நிற்கும் பகுதிக்குள் அளவுக்கு மீறிக் கூட்டம் விடப்பட்டதால் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அதை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் அறிக்கையை அடுத்து, மேல்நிலைப் பிரிவு அரங்கங்களில் எல்லோருக்கும் இருக்கை என்பது கட்டாயமாயிற்று. 1994 ஏப்ரல் 30 அன்று கோப் படிகளில் மக்கள் கடைசியாக நின்று பார்த்தார்கள். புதிய கோப் பகுதியில் ஏறத்தாழ 12,400 இருக்கைகளே இருந்தன. அரங்கத்தின் மொத்தக் கொள்ளளவு 45,000 அளவுக்குச் சுருங்கியது. சுருங்கியது நல்ல காரணத்துக்காகத்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உலகெங்கும் ரசிகர்கள் பெருகிய அதே காலத்தில் வீட்டுக்குள் இடம் குறைந்துபோனது. சீசன் டிக்கெட்டுக்குப் பெயர் பதிந்தவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கும் நிலை வந்தது.

2002-இல் ஒரு திட்டம் வந்தது: எதிரே உள்ள ஸ்டான்லி பூங்காவில் புதிய அரங்கம். 2007-இல் கழகத்தை வாங்கிய அமெரிக்க முதலாளிகள் இருவர், அறுபது நாளுக்குள் மண்வெட்டி மண்ணில் இறங்கும் என்றார்கள். இறங்கவில்லை. வரைபடம் மாறியது, கடன் ஏறியது, 2008-இன் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது, பூங்கா பூங்காவாகவே இருந்தது. 2010-இல் வந்த அடுத்த உரிமையாளர்கள் ஓர் எளிய கணக்கைப் போட்டார்கள். அந்தக் கணக்கை நேயர்கள் மனத்திலேயே போட்டுப் பார்க்கலாம். 60,000 பேருக்குப் புதிதாகக் கட்டினால் செலவு 60,000 இருக்கைகளுக்கும் ஆகிறது. ஆனால் பழைய அரங்கத்திலேயே 45,000 பேர் ஏற்கெனவே பணம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே வருமானம் கூடுவது 15,000 இருக்கைகளுக்கு மட்டும். அறுபதாயிரத்துக்குச் செலவு, பதினைந்தாயிரத்துக்கு வரவு. 2012 அக்டோபரில் புதிய அரங்கத் திட்டத்தைக் கைவிட்டு, ஆன்ஃபீல்டையே விரிவாக்குவது என்று முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு என்று நான் அன்றும் கருதினேன், இன்றும் கருதுகிறேன்.

வேலை நடந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2015-இல் பழைய முதன்மைக் கேலரிக்குப் பின்னாலேயே புதிய எஃகுச் சட்டகம் எழுந்தது. முன்னால் ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்க, பின்னால் பாரந்தூக்கிகள் நின்றன. 2016 கோடை விடுமுறையில் பழைய கூரையைக் கழற்றிவிட்டு இரண்டையும் இணைத்தார்கள். செப்டம்பரில் லெஸ்டர் அணியுடனான ஆட்டத்தில் புதிய கேலரி நிரம்பியது. ஏறத்தாழ 8,500 இருக்கைகள் கூடின. பிறகு ஆன்ஃபீல்ட் சாலைப் பக்கத்துக் கேலரி, இன்னொரு 7,000 இருக்கைகளுடன். நடுவில் ஒப்பந்த நிறுவனம் நொடித்துப்போய் வேலை சில மாதங்கள் தாமதமானாலும், 2024-இல் கொள்ளளவு 61,000-ஐத் தொட்டது. அதாவது 1952-இல் நின்று பார்த்த அளவுக் கூட்டம் இன்று உட்கார்ந்து பார்க்கிறது. இத்தனைக்கும் லிவர்பூல் தன் சொந்த மைதானத்தை விட்டு வேறெங்கும் போய் ஆட நேரவில்லை. மாறாக, லண்டனின் டாட்டன்ஹாம் கழகம் தன் அரங்க வேலை முடியும்வரை 2017 முதல் வெம்ப்ளி அரங்கத்தில் குடியிருந்தது. பார்சிலோனா 2023 முதல் இரண்டு பருவங்களுக்கும் மேல் மோன்ட்ஜூயிக் குன்றிலுள்ள ஒலிம்பிக் அரங்கத்தில் ஆட வேண்டியிருந்தது.

எல்லாக் கழகங்களுக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. டார்லிங்டன் என்றொரு சிற்றூர்க் கழகம், சில ஆயிரம் பேரே வழக்கமாக வரும் நிலையில், 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்தை 2003-இல் திறந்தது. சில மாதங்களிலேயே திவால் நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. 2012-இல் அந்த அரங்கத்தை விட்டே வெளியேறியது. முகூர்த்த நாள் கூட்டத்தை மட்டும் மனத்தில் வைத்து மண்டபம் கட்டியவர், மற்ற மாதங்களில் மின்கட்டணத்துக்கும் காவலாளி சம்பளத்துக்கும் தவிப்பதைப் போன்றதுதான் இது. மறுபுறம் இத்தாலியின் யுவென்டஸ், ஏறத்தாழ 69,000 பேருக்கான டெல்லே ஆல்ப்பி அரங்கத்தில் ஓட்டப்பாதைக்கு அப்பால் ரசிகர்கள் சிதறிக் கிடந்ததைக் கண்டு, அதை இடித்துவிட்டு 41,000 பேருக்கான அரங்கத்தை 2011-இல் கட்டியது. கொள்ளளவைக் குறைத்த அந்தக் கழகம் அடுத்து ஒன்பது முறை தொடர்ந்து லீக் பட்டம் வென்றது. பட்டத்துக்கு அரங்கம் மட்டும் காரணமன்று. ஆனால் சிறிய அரங்கம் ஒரு தடையாக இருக்கவில்லை என்பது உறுதி.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். ஆன்ஃபீல்டைச் சுற்றியிருப்பவை சுவரோடு சுவர் ஒட்டிய சிறிய செங்கல் வீடுகளின் வரிசைகள். அரங்கம் பக்கவாட்டில் விரிய வேண்டுமானால் வீடுகள் போக வேண்டும். கெம்லின் சாலை என்ற தெருவில் கழகம் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இடித்தபோது, வயதான சகோதரிகள் இருவர் தங்கள் வீட்டை விற்க மறுத்துவிட்டார்கள். தெருவில் மற்ற வீடுகளெல்லாம் மறைந்த பிறகும் அந்த ஒரு வீடு நின்றது. பல ஆண்டுகள் கழித்து, 1990-இல்தான் அவர்கள் இசைந்தார்கள். 1992-இல் அங்கே கேலரி உயர்ந்தது. அந்தச் சகோதரிகள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. வீடு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. முதன்மைக் கேலரிக்குப் பின்னாலிருந்த லோதேர் சாலை போன்ற தெருக்களில் கழகம் 1990-களிலிருந்து வீடுகளை வாங்கத் தொடங்கியது. வாங்கிய வீடுகள் பலவற்றில் யாரையும் குடிவைக்கவில்லை. சன்னல்களில் தகரத்தையும் பலகையையும் அறைந்து மூடினார்கள். ஒட்டுச்சுவர் வீடு என்றால் என்னவென்று நகரத்து நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் நம் சுவரில் ஈரம் ஏறுகிறது. பக்கத்துக் கூரை ஒழுகினால் நம் அறையில் பூஞ்சை படர்கிறது. இரவில் திருடர்கள் குழாய்களைக் கழற்றிப் போகிறார்கள். கடைகள் மூடுகின்றன. மிச்சமிருப்பவர் விற்க நினைத்தாலும் நல்ல விலை கிடைப்பதில்லை. கழகமோ, பூங்காவுக்குப் போகிறோம், இல்லை, இங்கேயே இருக்கிறோம் என்று பத்தாண்டுகள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. விரிவாக்கம் அந்தத் தெருக்களுக்குச் செய்த தீங்கைவிட, முடிவெடுக்காத காலம் செய்த தீங்கு பெரிது. விரிவாக்க எண்ணம் உள்ள எந்தக் கழகமும், வரைபடம் போடும் முன்பே, பாதிக்கப்படும் வீட்டுக்காரர்களிடம் நேரில் சென்று தேதியும் விலையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதிக்குக் கட்டுப்பட வேண்டும். வாங்கிய வீட்டில் அதுவரை ஆளைக் குடிவைக்க வேண்டும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன், இன்றும் சொல்கிறேன்.

அடுத்தது, கூடும் இருக்கைகளில் யார் உட்காருவது என்ற கேள்வி. முதன்மைக் கேலரி திறக்கவிருந்த ஆண்டில், அதன் விலையுயர்ந்த டிக்கெட்டை 77 பவுண்டு என்று கழகம் அறிவித்தது. 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்து அணியுடனான ஆட்டத்தில், லிவர்பூல் இரண்டுக்குச் சுழியம் என்று முன்னிலையில் இருக்கும்போது, சரியாக 77-ஆம் நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியேறினார்கள். கோப் பகுதியில் சிவப்பு இருக்கைகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டதைத் திரையில் கண்டேன். எஞ்சிய நிமிடங்களில் சண்டர்லாந்து இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தது. சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையை 59 பவுண்டிலேயே இரண்டு பருவங்களுக்கு நிறுத்தினார்கள். கட்டிய செலவை வசதி படைத்தோருக்கான விருந்தறை இருக்கைகளில் மீட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் கூடும் இருக்கைகளில் பெரும்பங்கு, காத்திருப்போர் பட்டியலில் உள்ள உள்ளூர் இளைஞருக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும். ஆன்ஃபீல்ட் சாலைக் கேலரியில் கூடிய இருக்கைகளில் பெரும்பாலானவை பொது இருக்கைகளாக அமைந்ததை நான் வரவேற்கிறேன்.

நேரம் முடியப்போகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ரயில் நிலையம் பக்கத்தில் இல்லாத ஆன்ஃபீல்டுக்கு 61,000 பேர் எப்படி வந்து போகிறார்கள், ஆட்ட நாள்களில் தெருவாசிகள் தங்கள் வாசலில் வண்டி நிறுத்துவது எப்படி என்பவற்றையும் பேச எண்ணியிருந்தேன். அவற்றைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும். 2022 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தின் சில அரங்கங்களில், ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவுக் கம்பி பொருத்திய பாதுகாப்பான நிற்கும் இடங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இன்றைய விதி ஓர் இருக்கைக்கு ஒருவர் என்றே இருப்பதால் இதனால் கொள்ளளவு கூடுவதில்லை. ஜெர்மனியின் டார்ட்மண்ட் அரங்கத்தில் ஒரே பகுதியில் 24,000-க்கும் மேற்பட்டோர் நின்று பார்க்கிறார்கள். அங்கே டிக்கெட் விலையும் குறைவு. டார்ட்மண்டின் வழியில் லிவர்பூல் ஓரடி எடுத்துவைப்பதானால், ஹில்ஸ்பரோவில் உறவுகளை இழந்த குடும்பங்களிடம் முதலில் கேட்க வேண்டும். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.