‘பாங்காக்கில் எங்கே சாப்பிடுவது?’ – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரக் கேள்விகளில் கோயம்புத்தூரிலிருந்து வந்ததை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வாசிக்கிறேன்: “நவராத்திரி விடுமுறைக்கு ஐந்து நாள் பாங்காக் போகிறோம். நான், மனைவி, அம்மா. அம்மா சுத்த சைவம். ‘கட்டாயம் சாப்பிட வேண்டிய பத்துக் கடைகள்’ என்று ஏழெட்டுப் பட்டியல் பார்த்துவிட்டேன். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?”

முதலில் அந்தப் பட்டியல்களை மூடி வையுங்கள். கடையைத் தேடுவதற்கு முன்னால் என்ன சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். நம் ஊரில் ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தால் இட்லி, பரோட்டா, ஃப்ரைடு ரைஸ் எல்லாம் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் நாம் அங்கேயும் ‘நல்ல ஓட்டல்’ எது என்று கேட்கிறோம். பாங்காக்கின் நல்ல கடைகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பதார்த்தத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுபவை. நூடுல்ஸ் கடையில் சோறு கேட்டால் கிடைக்காது. சோற்றுக் கடையில் நூடுல்ஸ் கேட்டால் பக்கத்துக் கடையைக் கைகாட்டுவார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காவ் மன் காய் என்று ஒன்று உண்டு, கோழிச் சோறு. அம்மாவுக்கு ஆகாது, அவரிடம் பிறகு வருகிறேன். கடையின் முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே வேகவைத்த முழுக் கோழிகள் கொக்கியில் தொங்கும். வட்டமான மரக்கட்டையின் முன் நிற்பவர் கோழியை வெட்டி, துண்டுகளைக் கத்தியின் பட்டையான பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி, அப்படியே வாரிச் சோற்றின்மேல் வைப்பார். சோறு கோழிச் சாற்றிலும் கொழுப்பிலும் வெந்தது. பருக்கை ஒவ்வொன்றும் மினுங்கும். பக்கத்தில் இரண்டு வெள்ளரித் துண்டு, ஒரு சின்னக் கிண்ணம் சூப், புளிக்க வைத்த சோயா பீன்ஸோடு இஞ்சியும் மிளகாயும் சேர்த்த சட்டினி. கோழி எல்லாக் கடையிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆள் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தச் சட்டினியில்தான். பதினொரு மணிக்கு ஆறு கோழி தொங்கிய பெட்டி ஒன்றரை மணிக்குக் காலியாகிவிட்டால், மறுநாள் அங்கே பன்னிரண்டுக்குப் போய் உட்காருங்கள்.

பாங்காக்கின் பிரத்துநாம் பகுதியில் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட பணியாளர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கோ-ஆங் கடையும் இதே கோழிச் சோற்றுக் கடைதான். 1960இல் தொடங்கியது, உங்கள் பட்டியல்களில் கட்டாயம் இருந்திருக்கும். நல்ல கடை. ஆனால் வெயிலில் வரிசை நிற்கப் பிடிக்காதவர்களுக்கு, நீங்கள் தங்கும் விடுதியிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இன்னொரு கண்ணாடிப் பெட்டியில் கோழி தொங்கிக்கொண்டிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. பதார்த்தத்தின் பெயரை மொழிபெயர்ப்புச் செயலியில் தாய்லாந்து எழுத்தில் எடுத்து, கூகுள் மேப்ஸில் அப்படியே ஒட்டித் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடியபோது கண்ணில் படாத கடைகள் வரிசையாக வரும். அவற்றில் சாப்பாட்டுப் படங்களைப் பார்க்காதீர்கள், எல்லாச் சாப்பாடும் படத்தில் அழகுதான். படத்தின் பின்னணியைப் பாருங்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும் பெண்கள், சீருடை மாணவர்கள், பிளாஸ்டிக் முக்காலி, சுவரில் விலைப் பலகை இவை தெரிகிறதா? ‘ஏசி இல்லை, யாருக்கும் ஆங்கிலம் தெரியவில்லை’ என்று கோபமாக ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறாரா ஒருவர்? அந்தக் கடையை நான் உடனே குறித்துக்கொள்வேன். ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிக் கருத்து எழுத 2010இல் தொடங்கிய செயலி ஒன்றும் இருக்கிறது, வொங்னாய். நம் காதுக்குப் பெயர் வேறு மாதிரி கேட்கும், அவர்கள் மொழியில் ‘உள்வட்டம்’ என்று பொருள்.

நேரில் நடக்கும்போது இன்னோர் அடையாளம். கடை வாசலில் டெலிவரிக்காரர்கள் நாலைந்து பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், அந்தத் தெருவே அங்கிருந்துதான் சாப்பிடுகிறது என்று அர்த்தம். எட்டு மொழியில் மெனு அட்டை போட்டு, வாசலில் ஓர் ஆளை நிறுத்திக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நேரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தட்டுத்தட்டாகக் குழம்பும் கறியும் பரப்பி வைத்திருக்கும் காவ் கெங் கடைகளுக்குக் காலையிலோ பதினொரு மணிக்கோ போக வேண்டும். மூன்று மணிக்குப் போனால் ஆறிய அடித்தட்டுதான் மிஞ்சும், பிறகு ‘தாய்லாந்துச் சாப்பாடு சுமார்’ என்று நாம் கருத்து எழுதுவோம். சிலோம் பகுதியில் ஐந்தாவது சோய், அதாவது ஐந்தாவது சந்து, லலாய் சாப் சந்தை. அதைப் பார்க்க வேண்டியது அலுவலக மதிய இடைவேளையில். சீனர் பகுதியான யாவராட்டுக்குப் பகலில் போனால் தங்கக் கடைகளைத்தான் பார்ப்பீர்கள். தெருக்கடைகள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் அடுப்பு மூட்டும். வாட் மங்கோன் மெட்ரோ நிலையம் 2019இல் திறந்த பிறகு போவதும் எளிது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று பல தெருக்கடைகளுக்கு விடுமுறை.

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் கையேட்டைப் பற்றியும் கேட்பீர்கள். பாங்காக்குக்கான முதல் மிஷெலின் கையேடு 2017 டிசம்பரில் வந்தது. கண்ணில் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு கரியடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் ஜெய் ஃபாய் அம்மையாருக்கு அதிலேயே ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அவர் கைப்பக்குவத்தில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஓர் ஆம்லெட்டுக்கு ஆயிரம் பாட் (தாய்லாந்துப் பணம்) என்ற தொகைக்கு மேல் கொடுத்து, ஐந்து நாளில் அரை நாளை வரிசையில் கழிக்க வேண்டுமா என்பது உங்கள் பாடு. ‘பிப் கூர்மான்’, அதாவது நியாயமான விலையில் நல்ல சாப்பாடு என்று மிஷெலினே சொல்லும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய எளிய கடைகள் உங்களுக்குப் பொருத்தம். ஸ்டிக்கரில் எந்த ஆண்டு போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்தில் ஒரு டுக்டுக் (அவர்கள் ஊர் ஆட்டோ) ஓட்டுநரிடம் “நல்ல மீன் கடை எது?” என்று கேட்டேன். மகிழ்ச்சியாக அழைத்துப் போனார், வாடகைகூடக் குறைத்துக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஐஸ் மேல் படுத்திருந்த இறாலுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த விலை நூறு கிராமுக்கானது என்று பில் வந்தபோதுதான் தெரிந்தது. எடை போட்டு விற்கும் எதையும் வாங்குவதற்கு முன் தராசில் வைத்து மொத்த விலையைக் கேளுங்கள். அதோடு, வண்டிக்காரர் கொண்டுபோய் விடும் கடையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். ‘காய்கறி மட்டும்’ என்று ஆங்கிலத்தில் சொல்லித் தப்பிக்க முடியாது. காய்கறியை வதக்கித்தான் கொடுப்பார்கள், ஆனால் சிப்பிச் சாறு ஊற்றி. பப்பாளிக்காய் சாலட்டான சோம் தம்மில் காய்ந்த இறாலும் மீன் சாறும் இருக்கும். குழம்புகளின் அரைத்த மசாலாவிலேயே இறால் விழுது சேர்ந்திருக்கும். கொடுப்பவருக்கு அது ஏமாற்று வேலையே இல்லை, நமக்கு உப்பு மாதிரி அவர்களுக்கு மீன் சாறு.

நீங்கள் தேட வேண்டிய சொல் ‘ஜே’. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. பார்ப்பதற்கு 17 என்ற எண் மாதிரியே இருக்கும், அம்மாவிடமும் அப்படியே சொல்லிவையுங்கள், அவரே கண்டுபிடித்துவிடுவார். ஜே என்றால் கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது. எச்சரிக்கை ஒன்று: சோயாவில் செய்த வாத்தும் மீனும் அசலைப்போலவே தட்டில் வந்து உட்காரும். என் அம்மா முதல்முறை நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாட்கள் ஜே விரதத் திருவிழா. பெரும்பாலான ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு ஒட்டியே வருகிறது. அந்த நாட்களில் யாவராட் முழுவதும் மஞ்சள் கொடியாக இருக்கும். வழக்கமாகப் பன்றிக்கறி விற்பவர்களில் பலர்கூட அப்போது ஜேவுக்கு மாறிவிடுவார்கள். அதே நாட்களில் சிலோமில் தமிழர் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் நவராத்திரி நடக்கும். விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலத்துக்குத் தெருவே நிறைந்துவிடும், கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்தான்.

தயிர் இல்லாமல் அம்மாவுக்கு இரண்டாம் நாளே முகம் வாடினால் பாஹுரத்துக்குப் போங்கள். பஞ்சாபிகள் பகுதி, ரொட்டியும் பருப்பும் தயிரும் கிடைக்கும். நடக்க முடியாத நாளில் அசோக் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 வணிக வளாகத்தின் உணவுக்கூடம் நல்லது. பணம் கட்டி ஓர் அட்டை வாங்கிக்கொண்டு கடை கடையாகச் சாப்பிடலாம், மீதியைத் திருப்பித் தருவார்கள். நீங்கள் கோழிச் சோறு வாங்க, அம்மா 17ஐத் தேடிப் போக, மூவரும் ஒரே மேசையில் உட்காரலாம். முதல் நாள் இரவு களைப்பாக இருப்பீர்கள், அன்றைக்கு அங்கேயே போய்விடுங்கள்.

அடுத்த கேள்வி விமான நிலையத்தில் பணம் மாற்றுவது பற்றி வந்திருக்கிறது. அதைப் பார்ப்போம்.