ஒளி மங்கினால் கோள் என்று சொல்லிவிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். சூரியனைத் தவிர்த்த மற்ற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறோம். இதுவரை உறுதியானவை மட்டும் 5,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் மிகச் சிலவற்றைத்தான் நேரடியாகப் படம் எடுக்க முடிந்திருக்கிறது. மற்றவை எல்லாம் விண்மீனின் ஒளியில் தெரியும் சிறு மாற்றத்திலிருந்து ஊகித்து அறியப்பட்டவை. அந்த மாற்றம் கோளால்தான் வந்தது என்று நிறுவுவதில்தான் இத்துறையின் பெரும்பாடே இருக்கிறது.

அதிகக் கோள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கடப்பு முறை. விண்மீனுக்கும் நமக்கும் குறுக்கே கோள் வரும்போது ஒளி சற்றுக் குறையும். வியாழனின் விட்டம் சூரியனின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே அது மறைப்பது நூறில் ஒரு பங்கு ஒளி. பூமி மறைப்பதோ லட்சத்தில் 8 பங்குதான். அதுவும் ஆண்டுக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் 13 மணி நேரம். சுற்றுப்பாதை நம் பார்வைக்கோட்டில் அமைந்தால்தான் அதுவும் தெரியும். பூமியைப் போன்ற பாதைக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ 200-ல் ஒன்று. அதனால்தான் 2009-ல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி, ஒரே வான்பகுதியில் இருந்த ஒன்றரை லட்சம் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் கண்காணித்தது.

ஒளி குறைந்ததும் முதலில் சந்தேகிக்க வேண்டியது, ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களை. புறக்கோள்களைத் தேடும் டெஸ் விண்தொலைநோக்கியின் ஒரு பிக்சல் 21 விகலை அகலம் கொண்டது. முழுநிலவின் அகலத்தில் சுமார் 85-ல் ஒரு பங்கு. அதற்குள் பல விண்மீன்களின் ஒளி கலந்துவிடும். பின்னணியில் மங்கலான இரட்டை ஒன்று இருக்கிறது, மொத்த ஒளியில் அதன் பங்கு நூறில் 2 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை ஒன்று மறைக்கையில் அதன் ஒளி பாதியானால், மொத்த ஒளி நூறில் ஒரு பங்கு குறையும். பார்ப்பதற்கு அச்சு அசல் வியாழன்தான்!

இதைப் பிரித்தறியச் சில சோதனைகள் உண்டு. ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது மங்கல்களை இரண்டாவது, நான்காவது, ஆறாவதோடு ஒப்பிட வேண்டும். ஆழம் மாறி மாறி வந்தால் அவை இரு விண்மீன்களின் மறைப்புகள். மங்கும் நேரத்தில் ஒளியின் மையம் பிக்சல்களில் நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நகர்ந்தால் மங்குவது பக்கத்து விண்மீன். வரைபடம் தட்டையான அடிப்பகுதி இல்லாமல் கூராக இறங்கி ஏறினாலும் எச்சரிக்கை தேவை. இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் கிடைப்பது கோளின் ஆரம் மட்டுமே. அதுவும் விண்மீனின் ஆரம் சரியாகத் தெரிந்திருந்தால்தான்.

கோளின் நிறையை அறிய, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வேண்டும். கோள் இழுப்பதால் விண்மீனும் சற்றே அசையும். விண்மீன் நம்மை நெருங்கும்போதும் விலகும்போதும் ஒளியின் அலைநீளம் சற்று மாறும்; இதுதான் டாப்ளர் விளைவு. அதனால் நிறமாலையில் தெரியும் இருண்ட கோடுகள் இடம்பெயரும். மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 1995-ல் 51 பெகாசி விண்மீனின் கோளை இப்படித்தான் கண்டார்கள். அங்கே வேகம் விநாடிக்கு 50 மீட்டருக்கும் மேல். பூமி சூரியனை அசைப்பதோ விநாடிக்கு 9 சென்டிமீட்டர். சிலியின் லா சில்லா ஆய்வகத்தில் உள்ள ஹார்ப்ஸ் என்ற நிறமாலைமானியில், விநாடிக்கு ஒரு மீட்டர் என்பது பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வு. காற்றழுத்தமோ வெப்பமோ சிறிது மாறினாலும் கோடுகள் அதைவிட அதிகமாக நகர்ந்துவிடும். ஆகவே கருவியை வெற்றிடக் கலனுக்குள் வைத்து, வெப்பநிலையை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்குள் நிலைநிறுத்துகிறார்கள்.

கருவியைக் கட்டுப்படுத்தலாம், விண்மீனைக் கட்டுப்படுத்த முடியாது. அதன் மேற்பரப்புப் புள்ளிகள் சுழற்சியோடு வந்து வந்து போய்க் கோளைப் போலவே காட்டும். 2012-ல் ஆல்ஃபா சென்டாரி B என்ற விண்மீனைச் சுற்றி 3.2 நாளுக்கு ஒருமுறை ஒரு கோள் வருவதாக அறிவித்தார்கள். அசைவு விநாடிக்கு அரை மீட்டர். பிறகு வேறொரு குழு, அளவீடு எடுத்த அதே நேரங்களை வைத்துக்கொண்டு, கோளே இல்லாத செயற்கைத் தரவை உருவாக்கிப் பார்த்தது. அதிலும் அதே 3.2 நாள் சுழற்சி வந்தது. அளவீடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளே அதை உண்டாக்கியிருந்தன. மெல்லிய சைகை எதுவானாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு அறிவிப்பதுதான் முறை.