பிள்ளையிடம் கேட்டீர்களா?

(இராமநாதபுரத்தில் சமூகப்பணி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

களப்பணிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். நாளையிலிருந்து தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று ஆளுக்கொரு ஊருக்குப் போகப் போகிறீர்கள். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் இந்தக் கரையில் 13 வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். விசைப்படகில் போன அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்து, அவர் அங்கே சிறையில் இருந்தார். பையன் விடியற்காலையில் கரைவலை இழுக்கப் போய்க்கொண்டிருந்தான். நான் அவன் அம்மாவிடம் பேசினேன், தலைமை ஆசிரியரிடம் பேசினேன், ஊர்ப் பெரியவர்களிடமும் பேசினேன். விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கலாம் என்று நாலு பக்க அறிக்கை எழுதி, சேர்த்தும் விட்டோம். 11 நாளில் ஊருக்கு ஓடி வந்துவிட்டான்.

அப்புறம்தான் அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். "அப்பா கேஸ் பேப்பர் வந்தா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட யாரு இருக்கா?" என்று கேட்டான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளை நான் பெட்டி படுக்கையோடு வெளியூருக்கு அனுப்பியிருக்கிறேன். காகிதம் வந்தால் வாசித்துச் சொல்லப் பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவை ஏற்பாடு செய்தோம். பையன் உள்ளூர்ப் பள்ளிக்கே திரும்பிப் போனான்.

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. 1992 டிசம்பரில் இந்தியா அதில் இணைந்தது. தன்னைப் பற்றிய எந்த முடிவிலும் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. நம் 2015 இளைஞர் நீதிச் சட்டமும், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போடும்போது பக்குவம் உள்ள குழந்தையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பரீட்சையில் இதையெல்லாம் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதியவன்தான். குழந்தை சொன்னபடியே செய்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் பையன் "நான் இங்கேயே இருக்கேன்" என்றால் விட்டுவிட முடியாது. ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று தெரியாமல் அவனை மீட்கவும் முடியாது.

இந்தக் கரையில் ஜூன் மாதத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் காசு வற்றிக் கிடக்கும் அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும். சில பிள்ளைகள் வராமல் போவது அப்போதுதான். ஆண்டின் நடுவில் திரும்பி வந்தால் "டி.சி. எங்கே, வயதுச் சான்று எங்கே" என்று கேட்பார்கள். இவை இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தரவும் சொல்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள், சண்டை வேண்டாம்.

அம்மா விடியுமுன் கடற்பாசி எடுக்கக் கிளம்பிவிடுவாள். கைக்குழந்தையோடு வீட்டில் நிற்பாள் 10 வயது அக்கா. அவள் சம்பளம் வாங்கவில்லை. அதனால் பெரும்பாலும் குழந்தைத் தொழிலாளிக் கணக்கில் வரமாட்டாள். பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும் விடுப்பு விடுப்பு என்று விழுந்துகொண்டே இருக்கும். அவளிடம் "ஏன் ஸ்கூலுக்குப் போகலை?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்றாலே குற்றம் சாட்டுகிறார்கள் என்றுதான் பிள்ளை நினைக்கும். "நேத்து காலையில எந்திரிச்சதிலிருந்து சொல்லு" என்று கேளுங்கள். அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதுதான் பிரச்சினை என்று அவளே காட்டிவிடுவாள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டப்படி, குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. சரி, நமக்கும் சீருடை உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் படிவம், படம் எடுக்கத் தயாராக போன். கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் நாம் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். அதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அறிக்கை எழுதும்போது "படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதாதீர்கள். "வாத்தியார் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதே இல்ல" என்று ஒரு பையன் சொன்னால், அந்த வார்த்தைகளையே எழுதுங்கள். குழந்தைகள் நலக் குழு என்ன முடிவெடுத்தது என்று திரும்பிப் போய் அவனிடம் சொல்லுங்கள். அவன் கேட்டது கிடைக்காமல் போனாலும் போய்ச் சொல்லுங்கள். சாயங்காலமாகப் போனால் கரையிலேயே இருப்பான்.