புகைப்படத்தின் ஓரத்தில் ஒரு ரயில் நிலையம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் தாயாரின் தகரப்பெட்டியில் கிடைத்த ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பற்றிச் சொல்லி இந்த உரையைத் தொடங்குகிறேன். வானொலியில் படத்தைக் காட்ட இயலாது என்பதால், தாங்கள் அதைக் கண்முன் நிறுத்திக்கொள்ளும்படி விவரிக்க முயல்கிறேன். ஓடு வேய்ந்த ஒரு சிறிய ரயில் நிலையம். தரையோடு தரையாக அமைந்த நடைமேடை. அதில் பட்டுப்பாவாடை உடுத்திய ஆறு வயதுச் சிறுமி. அவளுக்குப் பின்னால் பெரியவர்கள் நால்வர். இடப்பக்கம் ஒரு கைகாட்டி மரம் நிற்கிறது. வலப்பக்கத்து ஓரத்தில், வெயிலில் வெளிறிப்போன பகுதியில், கீற்றால் மூடப்பட்ட சில குவியல்கள் வரிசையாகத் தெரிகின்றன. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் படத்துக்குள் வரவில்லை. படத்தின் பின்புறத்தில் நாகப்பட்டினத்துப் புகைப்பட நிலையம் ஒன்றின் முத்திரை இருக்கிறது. அந்தச் சிறுமி என் தாயார். அவர் பிறந்தது 1938ஆம் ஆண்டு என்பதால், படம் 1944ஐ ஒட்டி எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

முத்திரையை நம்பி, அது நாகப்பட்டினம் ரயில் நிலையம்தான் என்று ஐந்து ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் தெரிந்த குவியல்களை வைக்கோற்போர் என்று எடுத்துக்கொண்டேன். காவிரிப் படுகையில் வளர்ந்தவனுக்குக் கீற்று மூடிய குவியல் என்றால் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் நாகப்பட்டினம் என்பது தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாகவே ஒரு காலத்தில் இருந்த ஊர். 1928ஐ ஒட்டிப் பொன்மலைக்குப் பெயரும் வரை பெரிய பணிமனை அங்கேதான் இயங்கியது. அப்படிப்பட்ட ஊரின் நிலையத்தில் நடைமேடை தரைமட்டத்தில் இருக்குமா என்ற கேள்வி எனக்கு எழுந்திருக்க வேண்டும்; எழவில்லை. நாகை என்று எழுதி ஒரு பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படத்தை வைத்தபோதுதான், உப்பளத்தில் வேலை செய்து முதிர்ந்த ஒரு பெரியவர் அதன் முன் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இது வைக்கப்போர் இல்லீங்க தம்பி, உப்பு அம்பாரம். நாங்க மூடுறதே இப்படித்தான்" என்றார்.

வைக்கோற்போரையும் உப்பு அம்பாரத்தையும் பிரித்தறிவது எப்படி என்று அவரே சொல்லிக்கொடுத்தார். போரின் ஒரு பக்கத்தை மாட்டுக்காகப் பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அது ஒருபுறம் குடைந்து நிற்கும். அம்பாரத்தை அப்படிக் குடைய மாட்டார்கள்; கூரை முகடு போல நீளவாட்டில் குவித்து, மழை உள்ளே இறங்காதபடி மூடி, வரிசையாக விட்டுவைப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது என் படத்தில் இருந்தவை நீளவாட்டில், குடையப்படாமல் இருந்தன. உப்பளத்தை ஒட்டிய ரயில் நிலையம் என்றவுடன் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாகச் செல்லும் கிளைப்பாதை நினைவுக்கு வந்தது. அந்தப் பாதை 1936ஆம் ஆண்டு கோடியக்கரை வரை நீட்டிக்கப்பட்டது. இடையில் உப்பளங்களுக்கு நடுவே அகத்தியம்பள்ளி நிலையம் இருந்தது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய அதே அகத்தியம்பள்ளிதான். பிறகு தகரப்பெட்டியை மீண்டும் துழாவியபோது, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. "சர்க்கார் உத்தியோகம்" என்று மட்டுமே வீட்டில் சொல்லப்பட்ட என் தாத்தாவுக்கு வந்த அட்டை அது. முகவரியில் வேதாரணியம் என்று இருந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் பழைய படங்களைப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. படத்தின் நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இருப்பதையே முதலில் பார்க்கிறேன். நடுவில் இருப்பதைப் படம் எடுத்தவர் தேர்ந்தெடுத்தார். ஓரத்தில் இருப்பது தானாக வந்து விழுந்தது. இடிந்துபோன ஒரு கட்டடத்தை அடையாளம் காண அந்தக் கட்டடம் உதவாது, அது இப்போது இல்லையே. அதைச் சுற்றி இன்னும் மாறாமல் இருப்பவைதான் உதவும். மலை உள்ள ஊர்களில் பின்னணியில் தெரியும் மலைமுகடு இடத்தைச் சொல்லிவிடும். நம்முடைய படுகையில் மலை கிடையாது. இங்கே கோபுரம், தண்ணீர், வெயில் ஆகிய மூன்றும்தான் மலையின் வேலையைச் செய்கின்றன.

கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலை. அதற்கு மேற்கே உள்ள கும்பேசுவரர் கோயிலின் ராஜகோபுரம் ஒன்பது நிலை. ஊருக்குத் தெற்கே, அரசலாற்றுப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் பதினொரு நிலைக் கோபுரம் வலப்புறம் தெரியும். வடக்கே காவிரிக் கரையிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே இடப்புறம் தெரியும். கூரைகளுக்கு மேல் இரண்டு கோபுரங்களும் தெரிகிற ஒரு பழைய படம் கிடைத்தால், அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் எது பெரிதாகத் தெரிகிறது என்பதையும் கொண்டு, படக்கருவி நின்ற தெருவை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. கண்ணாடித் தகட்டிலிருந்து படி எடுக்கும்போது தகட்டைப் புரட்டி வைத்துவிட்டால் வலம் இடமாகிவிடும். ஆகவே கோபுரத்தைக் கொண்டு முடிவுக்கு வருமுன், படத்தில் எங்காவது எழுத்து இருக்கிறதா, அது நேராகப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எழுத்து இல்லையென்றால் ஆண்களின் மேல்துண்டையும் பெண்களின் முந்தானையையும் பார்க்கலாம்.

தண்ணீர் இடத்தைச் சொல்வதோடு காலத்தையும் சொல்லும். தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்கு அருகே ஓடும் கல்லணைக் கால்வாயை இன்றும் முதியவர்கள் புதாறு என்றே அழைக்கிறார்கள். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934ஐ ஒட்டி வந்த கால்வாய் அது. பெரிய கோயிலின் அகழியும் மதிலும் தெரியும் படத்தில் இந்தக் கால்வாயும் தெரிந்தால், படம் அதற்குப் பிந்தியது என்பதில் ஐயமில்லை. அதேபோல ஆற்றுப்பாலம் தெரியும் படத்தில் மணல் மட்டுமே இருந்தால், அது பெரும்பாலும் தைக்கும் ஆனிக்கும் இடைப்பட்ட காலத்துப் படம். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்பட்டு ஜூன் 12இல் திறக்கப்படுவதை நம் உழவர்கள் அனைவரும் அறிவார்கள். பாலத்தின் தூண்களைக் கூர்ந்து பார்த்தால், நீரைக் கிழிக்கும் கூர்முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுவே நீர் வரும் பக்கம் என்பது புரியும். நம் ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடுவதால், அதிலிருந்து திசையும் கிடைத்துவிடும்.

வெயில் விஷயத்தில் மட்டும் நம் ஊருக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று வடநாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடங்கள் சொல்லும். காவிரிப் படுகையில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்பதால், நிழல் தெற்கே விழும். இதை அறியாமல் திசை குறித்தால் ஒரு தெருவின் வடசிறகு தென்சிறகாகிவிடும்.

இனி, புகைப்படம் நம் பகுதிக்கு வந்த தொடக்க காலத்துக்குச் செல்கிறேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை ஆகிய இடங்களின் படத்தொகுதிகளை 1858இல் வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டினால் ஏறத்தாழ 19 அடி நீளம் வரும்படி ஒரே தொடராகச் செய்திருக்கிறார். அவருடைய படங்களில் தஞ்சைத் தெருக்களும் கோயில் முற்றங்களும் ஆளரவமின்றிக் கிடப்பதைப் பார்த்து, அன்றைக்கு ஊரே வெறிச்சோடியிருந்தது என்று சிலர் எழுதியிருப்பதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். மெழுகு தோய்த்த காகிதத்தில் படம் பதியக் கணிசமான நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நடந்து சென்றவர்கள் எவரும் பதிய மாட்டார்கள், அசையாமல் நின்ற கல் மட்டுமே பதியும். வானத்து மேகங்களையும் மரத்தின் இலைகளையும் அவர் சில படங்களில் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார் என்பதால், அந்த மேகத்தைக் கொண்டு பருவம் கணிக்கவும் கூடாது.

ட்ரைப்பின் தொகுதி வெளிவந்து ஒன்பதே ஆண்டுகளில், 1867இல், நாகப்பட்டினத்தில் சீனக்கோபுரம் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் அழைக்கப்பட்ட மூன்றடுக்குச் செங்கல் கட்டடம், அரசின் அனுமதியோடு இடிக்கப்பட்டது. சோழர் காலப் பௌத்த விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் கட்டடம் அது. 1846இல் அதைப் பார்த்த சர் வால்டர் எலியட்டின் குறிப்பும் சித்திரமும் இருப்பதால்தான் அதன் தோற்றம் இன்று நமக்குத் தெரிகிறது. தஞ்சை வரை வந்த அந்தப் படக்கருவி இன்னும் ஐம்பது மைல் கிழக்கே சென்றிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறை நாகைக்குப் போகும்போதும் எண்ணிக்கொள்கிறேன்.

ரயில்பாதைகளுக்குத் திரும்பி வருகிறேன். அடையாளம் காண்பதில் மிகுதியாகத் தவறு நேர்வது அங்கேதான். அகலப்பாதை தெரிந்தால் புதிய படம், மீட்டர்பாதை தெரிந்தால் பழைய படம் என்பது பலருடைய நம்பிக்கை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும், அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் 1860களின் தொடக்கத்தில் போடப்பட்ட முதல் பாதை அகலப்பாதைதான். 1870களில்தான் அது மீட்டர்பாதையாகக் குறுக்கப்பட்டது. நம் காலத்தில் மறுபடியும் அகலமாயிற்று. ஆகவே தண்டவாள இடைவெளியை மட்டும் வைத்துக் காலம் சொன்னால் நூற்று முப்பது ஆண்டுகள் பிசகக்கூடும். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் பாதையில் 1976இல் நின்றுபோன ரயில் 2011இல் திரும்பி வந்தது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி சென்ற ரயில், 1980களில் நின்றது நின்றதுதான். அந்தப் பாதையின் நிலையங்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை இருக்கிறது. அவற்றில் ஏறி இறங்கியவர்களில் இளையவர்களுக்கே இன்று நாற்பது வயதுக்கு மேலாகிவிட்டது.

நிலையத்தின் பெயர்ப்பலகை படத்தில் இருந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பதோடு, எழுத்து காலத்தையும் காட்டும். மயிலாடுதுறை என்றிருந்தால் 1982க்குப் பிந்தியது. மாயூரம், மாயவரம் என்றிருந்தால் அதற்கு முந்தியது. கல்லணை, சாலை போன்ற சொற்களில் ணையும் லையும் துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருந்தால், 1978இல் அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகை என்று கொள்ளலாம். ஆனால் பழைய பலகையைப் பல ஆண்டுகள் மாற்றாமலே விட்டுவைப்பதும் நம் வழக்கம். பேருந்து நிலையப் படங்களில் இந்தச் சிக்கல் குறைவு. பேருந்தின் பக்கவாட்டில் சோழன் என்ற பெயர் இருந்தால், குடந்தையைத் தலைமையிடமாகக் கொண்டு அந்தக் கழகம் தொடங்கிய 1972க்கும், அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் மாற்றப்பட்ட 1997க்கும் இடைப்பட்ட படம் அது.

நேயர்களின் வீடுகளிலும் இத்தகைய படங்கள் இருக்கும். அவற்றைப் பற்றி எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். என் தாயாரின் படத்தை யாராவது வெட்டியிருந்தால் முதலில் போயிருப்பது அந்த உப்பு அம்பாரம்தான். படி எடுக்கும்போது பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள். ஆனால் அங்குள்ள முத்திரை படம் கழுவப்பட்ட ஊரையே சொல்லும், எடுக்கப்பட்ட ஊரைச் சொல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி, அகத்தியம்பள்ளி இடையிலான 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு, அந்தப் படத்தின் நகலோடு ரயிலில் சென்று இறங்கினேன். ஓட்டுக் கட்டடம் இல்லை, கைகாட்டி மரமும் இல்லை. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். தொலைவில் அம்பாரங்கள் அதே வரிசையில் மூடிக் கிடந்தன. சிறுமி நின்றிருக்கக்கூடிய இடத்தை அவற்றைக் கொண்டு மதிப்பிட்டு, அங்கே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதே தகரப்பெட்டியில் இன்னொரு படமும் இருந்தது. அதை என்னால் இன்றுவரை அடையாளம் காண முடியவில்லை. கடற்கரையை ஒட்டிய நீண்ட ஓட்டுக் கொட்டகை. அதன் முன்னால் இரும்புப் பட்டை அடித்த மரப்பெட்டிகளோடு பயணிகள் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கரையில் தட்டையான இரண்டு படகுகள். தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் ஒற்றைப் புகைபோக்கிக் கப்பல். நாகப்பட்டினத்தில் நின்று பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுகொண்டிருந்த ரஜூலா கப்பலாக இருக்குமோ என்பது என் எண்ணம். ஆனால் முன்பு ஒருமுறை நாகை என்று அவசரப்பட்டவன் என்பதால் தயங்குகிறேன். கொட்டகையின் வலக்கோடியில் வளைவுடன் கூடிய ஒரு வாயிலும், அதன் மேல் ஒரு மணியும், வாயிலை ஒட்டி மூன்று கிளையாகப் பிரிந்த பூவரச மரமும் இருக்கின்றன. அந்த மணியையோ அந்த மரத்தையோ நேரில் கண்ட நினைவு யாருக்கேனும் இருந்தால், இந்த வானொலி நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். படத்தை எடுத்துக்கொண்டு நானே தங்கள் ஊருக்கு வருகிறேன்.

நன்றி, வணக்கம்.